சொராரிட்டி வீடுகள் இல்லாத வளாகங்கள்: வதந்தியும் உண்மைக் காரணங்களும்

மகளுக்கு இடம் கிடைத்திருக்கும் அமெரிக்கக் கல்லூரியைச் சுற்றிப் பார்க்கச் சென்ற ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வழிகாட்டியாக வந்த மாணவி, “எங்கள் கல்லூரியில் சொராரிட்டிகள் எனப்படும் மாணவிகளின் சங்கங்கள் உண்டு, ஆனால் உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் வீடுகள் அவற்றுக்குக் கிடையாது. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் ஒரே வீட்டில் தங்கினால் அதை விபசார விடுதியாகக் கருதும் பழைய சட்டம் ஒன்று இந்த ஊரில் இன்னமும் இருக்கிறது” என்று சொன்னாராம். அது உண்மைதானா, உண்மை இல்லையென்றால் சில வளாகங்களில் இந்த வீடுகள் வரிசையாக நிற்க, வேறு சிலவற்றில் ஒன்றுகூட இல்லாமல் போனது ஏன் என்று கேட்கிறார்.

அப்படியொரு சட்டம் இல்லை. இந்தக் கதை ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் சொல்லப்படுகிறது. ஊருக்கு ஊர் எண்ணிக்கை மட்டும் மாறும், ஓரிடத்தில் ஆறு பெண்கள், இன்னோரிடத்தில் எட்டு, வேறோரிடத்தில் பதினாறு. சட்டத்தின் எண்ணையோ அது இயற்றப்பட்ட ஆண்டையோ கேட்டால் ஒருவராலும் காட்ட முடிவதில்லை. விபசார விடுதி எது என்பதை அமெரிக்கச் சட்டங்கள் அங்கே நடக்கும் செயலையும் கைமாறும் பணத்தையும் வைத்தே தீர்மானிக்கின்றன. தங்கியிருப்பவர்களின் தலைகளை எண்ணித் தீர்மானிப்பதில்லை. அப்படி எண்ணுவதாக இருந்தால் ஸ்மித், வெல்ஸ்லி, பிரின் மார் போன்ற மகளிர் கல்லூரிகளின் விடுதிகள் அத்தனையும் சட்டவிரோதமாகியிருக்கும். நூற்றுக்கணக்கான பெண்கள் தங்கும் கல்லூரி விடுதியின் வாசலில் நின்றுகொண்டே இந்தக் கதையைச் சொல்லும் மாணவர்களுக்கு அந்த முரண் உறைப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

ஆனால் இந்த வதந்தி முழுக்க வெறுங்காற்றில் பிறந்ததும் அல்ல. விவரத்துக்குப் போகுமுன் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சொல்: ஃபிரடர்னிட்டி என்பது மாணவர்களின் சங்கம், சொராரிட்டி என்பது மாணவிகளின் சங்கம், கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொள்வதால் இரண்டையும் சேர்த்துக் கிரேக்கச் சங்கங்கள் என்பார்கள். தேர்ந்தெடுத்துத்தான் உறுப்பினரைச் சேர்ப்பார்கள், சேர்ந்தால் ஆயுள் முழுவதற்கும் உறுப்பினர். வீடு என்பது அந்தச் சங்கத்தினர் சேர்ந்து தங்கி, உண்டு, கூடிக் களிக்கும் கட்டடம்.

வதந்திக்குப் பின்னால் இருக்கும் மெய்யான சட்டம் நகரமைப்பு விதிகளில் இருக்கிறது. ஒரு தெருவில் ஒற்றைக் குடும்ப வீடுகள் மட்டுமே இருக்கலாம் என்று ஊராட்சி வகுத்துவிட்டால், குடும்பம் என்றால் யார் என்பதையும் அதுவே வரையறுக்க வேண்டியிருக்கிறது. இரத்த உறவோ திருமண உறவோ இல்லாத எத்தனை பேர் ஒரு வீட்டில் சேர்ந்து வாழலாம் என்பதற்குப் பல ஊர்கள் இரண்டு, மூன்று, நான்கு என்று வரம்பு வைத்திருக்கின்றன. இதைப் பற்றிய முதன்மையான வழக்கு மாணவர்களாலேயே வந்தது. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துக்கு அருகில், பெல் டெர் என்றொரு சிற்றூர் உண்டு. பரப்பு ஒரு சதுர மைலுக்கும் குறைவு, சுமார் 220 வீடுகள், 700 பேர். உறவில்லாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் ஒரு வீட்டில் தங்கக் கூடாது என்பது அந்த ஊரின் விதி. அங்கே ஒரு வீட்டை ஆறு மாணவர்கள் வாடகைக்கு எடுத்துத் தங்க, ஊராட்சி நடவடிக்கை எடுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1974-இல் நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ், தங்கும் விடுதிகளும் ஃபிரடர்னிட்டி வீடுகளும் நெரிசல், வண்டிகள், இரைச்சல் ஆகியவற்றைக் கொண்டுவருகின்றன என்றும், அமைதியான குடியிருப்பைக் காக்க ஊருக்கு உரிமை உண்டு என்றும் கூறினார். தனிமனித உரிமைகளுக்காக அடிக்கடி குரல் கொடுத்த அவரே இப்படி எழுதியதைப் பலர் அப்போது எதிர்பார்த்திருக்கவில்லை.

பெல் டெர் தீர்ப்பு எல்லா ஊர்களையும் கட்டாயப்படுத்தவில்லை; விரும்பும் ஊர் இப்படி விதி செய்துகொள்ளலாம் என்று வழிவிட்டது, அவ்வளவுதான். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1980-இல் சாண்டா பார்பரா நகரத்தின் இதேபோன்ற விதியைத் தன் மாநில அரசியலமைப்பின்படி செல்லாது என்று ஒதுக்கிவிட்டது. மறுபுறம் பாஸ்டன் நகரம் 2008-இல், ஒரு குடியிருப்பில் முழுநேர இளநிலை மாணவர்கள் நான்கு பேருக்கு மேல் தங்கக் கூடாது என்று மாணவர்களைப் பெயர் சொல்லியே விதி செய்தது. இந்த விதிகளில் ஆண், பெண் என்ற பேதம் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பேதம் இல்லையென்றால், ஒரே ஊரில் ஃபிரடர்னிட்டிக்கு வீடு இருந்து சொராரிட்டிக்கு இல்லாமல் போவது எப்படி? வதந்தி வேர்விட்டது இந்த இடத்தில்தான், விடை இருப்பதோ கால வரிசையில். இன்றைய வடிவிலான ஃபிரடர்னிட்டிகள் 1825 முதல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் தோன்றியவை. பெண்களுக்கான முதல் தேசியச் சங்கங்கள் 1867-இலும் 1870-இலும் வந்தன. பெரும்பாலான கல்லூரிகள் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே பிந்தித்தான். நிலப் பயன்பாட்டை வட்டாரங்களாகப் பிரிக்கும் அதிகாரம் ஊர்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது 1926-இல். அதற்கு முன்பே நிலம் வாங்கி வீடு கட்டியவர்களை, முன்பிருந்தே நடக்கும் பயன்பாடு என்று பொதுவாக விட்டுவைத்தார்கள். பிந்தி வந்தவர்கள் புது விதிக்குக் கட்டுப்பட வேண்டியதாயிற்று. அதோடு, 1960-கள் வரை பல கல்லூரிகள் பெற்றோரின் இடத்தில் தங்களை வைத்துக்கொண்டு, மாணவிகள் கல்லூரி விடுதியில்தான் தங்க வேண்டும், இரவில் இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கட்டுப்படுத்தின. மாணவர்களுக்கு அந்தக் கெடுபிடி மிகக் குறைவு. சகோதரன் வீடு வாங்கிய காலத்தில் சகோதரிக்கு விடுதியை விட்டு வெளியேறவே அனுமதி இல்லை. இந்தச் சலிப்பூட்டும் சொத்து வரலாற்றைவிட விபசார விடுதிக் கதை சொல்வதற்குச் சுவையானது, அதனால் அதுவே நிலைத்துவிட்டது.

இனி, ஊரின் விதி குறுக்கே நிற்காத இடங்களிலும் வீடுகள் இல்லாமல் இருப்பது ஏன் என்பதைப் பார்ப்போம். பெரும்பாலும் அது கல்லூரியே எடுத்த முடிவு. அதைப் புரிந்துகொள்ள, வீடுகள் முதலில் ஏன் வந்தன என்று கேட்பது நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல கல்லூரிகளிடம் மாணவர்களைத் தங்க வைக்கப் பணமும் இல்லை, மனமும் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஹென்றி டாப்பன், ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களைப் பார்த்து, படிப்பிப்பது மட்டுமே நம் வேலை, படுக்க இடம் தருவதல்ல என்று 1850-களில் விடுதி அறைகளையே வகுப்பறைகளாக மாற்றினார். மாணவர்கள் ஊருக்குள் அறை தேடி அலைந்தார்கள். சங்கங்கள் அந்த வெற்றிடத்தை நிரப்பின. கல்லூரிக்குச் செலவில்லாமல் நூறு பேருக்குக் கூரையும் சோறும் கிடைத்தால் எந்த நிர்வாகம்தான் வேண்டாமென்று சொல்லும்? ஆக, வீடு என்பது கல்லூரி கைவிட்ட ஒரு பொறுப்பைச் சங்கம் எடுத்துக்கொண்டதன் அடையாளம். பிற்காலத்தில் எந்தக் கல்லூரி அந்தப் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்ததோ அங்கே வீடுகள் மறைந்தன. என் பார்வையில் மொத்த விஷயத்தின் அச்சாணி இதுதான். மது, ரேகிங், இனப் பாகுபாடு ஆகியவை முடிவுக்கான உடனடித் தூண்டுதல்களாக இருந்தன. ஆனால் படுக்கையும் சாப்பாட்டு மேசையும் யார் கையில் என்ற கேள்வி தீராமல் ஒரு கல்லூரியும் வீடுகளை மூடியதில்லை.

இதை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வில்லியம்ஸ் கல்லூரி. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் அங்கே முதலாண்டைக் கடந்த மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் சங்க வீடுகளில்தான் உண்டார்கள். எந்தச் சங்கமும் அழைக்காத மாணவன் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதே ஒரு சங்கடமான பிரச்சினையாக இருந்தது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவனைச் சக மாணவர்கள் சில நாள் பார்த்துவிட்டு ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்ய, அந்த முடிவே அவனுடைய அடுத்த மூன்று ஆண்டுச் சாப்பாட்டு இடத்தைத் தீர்மானித்தது. முன்னாள் மாணவர் ஜே ஆஞ்ஜிவைன் தலைமையில் அமைந்த குழு 1962-இல் தந்த அறிக்கை, மாணவர்களுக்குத் தங்குமிடமும் உணவும் தருவது கல்லூரியின் கடமை, அதைச் சங்கங்களிடம் விட்டுவைத்தது தவறு என்று சொல்லிற்று. முன்னாள் மாணவர்கள் கொதித்தார்கள், நன்கொடையை நிறுத்துவோம் என்றார்கள். தலைவர் ஜான் சாயர் பின்வாங்கவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வீடுகள் கல்லூரியின் வசமாகிவிட்டன.

பின்னர் அமெரிக்காவின் வடகிழக்கு வட்டாரமான நியூ இங்கிலாந்தின் சிறு கல்லூரிகள் பல இதே வழியில் நடந்தன: கோல்பியும் ஆம்ஹெர்ஸ்டும் 1984-இல், போடின் 1997-இல். போடின் மூன்றாண்டு அவகாசம் கொடுத்து, அந்த வீடுகளையே எல்லா மாணவருக்கும் பொதுவான கல்லூரி இல்லங்களாக மாற்றியது. நியூயார்க் மாநிலத்தின் ஹாமில்டன் கல்லூரி 1995-இல் தேர்ந்தெடுத்த வழி இன்னும் நுட்பமானது. அது சங்கங்களைத் தடை செய்யவில்லை. எல்லா மாணவர்களும் கல்லூரிக்குச் சொந்தமான இடத்தில்தான் தங்க வேண்டும், கல்லூரியின் உணவுத் திட்டத்தைத்தான் வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. வீடு இருக்கும், ஆனால் அதில் குடியிருக்க ஆள் இருக்காது. நான்கு ஃபிரடர்னிட்டிகள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. அவர்கள் கையிலெடுத்தது பெருநிறுவனங்களுக்கு எதிராகப் பயன்படும் ஏகபோகத் தடுப்புச் சட்டத்தை. அந்த ஊரில் மாணவர் தங்குமிடச் சந்தையைக் கல்லூரி தன் ஏகபோகமாக்கப் பார்க்கிறது என்பது வாதம். இதை விசாரிக்கவே முடியாது என்று தள்ளிவிடக் கூடாது என மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997-இல் சொல்லியும், இறுதியில் கல்லூரியின் கொள்கையே நிலைத்தது. இன்றும் அங்கே கிரேக்கச் சங்கங்கள் இருக்கின்றன, குடியிருப்பு வீடுகள் இல்லை. ஒஹையோவின் டெனிசன் பல்கலைக்கழகமும் அதே 1995-இல் ஃபிரடர்னிட்டிகளை வைத்துக்கொண்டு அவற்றின் வீடுகளில் குடியிருப்பதை மட்டும் நிறுத்தியது. உங்கள் மகளுக்கு இடம் கிடைத்திருக்கும் கல்லூரியில் சங்கம் உண்டு, வீடு இல்லை என்றால் அது இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வீடுகளை மூடியதாக நான் சொன்ன பெயர்களெல்லாம் தனியார் கல்லூரிகள் என்பது தற்செயல் அல்ல. அரசுப் பல்கலைக்கழகம் அரசின் அங்கம் என்பதால், கூடி அமைப்பாவதற்கு அரசியலமைப்பு தரும் உரிமையை மீற முடியாது. மிசிசிப்பி மாநிலம் 1912-இல் தன் அரசுக் கல்லூரிகளில் இந்தச் சங்கங்களைச் சட்டம் போட்டே தடுத்தது. 1915-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்தது. ஆனால் அதே நீதிமன்றம் 1972-இல், அரசுக் கல்லூரி ஒன்று இடதுசாரி மாணவர் அமைப்பு ஒன்றுக்கு அங்கீகாரம் மறுத்த வழக்கில், தக்க காரணமின்றி அப்படி மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்த பிறகு நிலைமை மாறிவிட்டது. அதனால் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் குறிப்பிட்ட சங்கத்தின் மீது நடவடிக்கை எடுக்கின்றனவே தவிர, மொத்தமாக ஒழிப்பதில்லை. அலபாமா பல்கலைக்கழகத்தில் ஒரு கோடி டாலருக்கும் மேல் செலவிட்ட சொராரிட்டி மாளிகைகள் எழுந்து நிற்பதையும், வில்லியம்ஸில் ஒன்றுகூட இல்லாததையும் பார்த்து வட்டாரப் பண்பாட்டு வேறுபாடு என்று மட்டும் சொல்வது போதாது. அரசா தனியாரா என்பதும் அதில் பாதி.

சில வளாகங்களில் வீடுகள் மூடப்படவில்லை, தொடக்கத்திலிருந்தே இடமளிக்கப்படவில்லை. ஓபர்லின் 1847-இலேயே இரகசியச் சங்கங்களைத் தடுத்துவிட்டது. பிரின்ஸ்டன் 1855-இல், சேர மாட்டேன் என்று மாணவர்களிடம் உறுதிமொழி வாங்கியது. அங்கே சங்க ஆசை வேறு வழியாக வெளிப்பட்டு, உணவுக் கழகங்களாக ஒரு சாலை முழுவதும் மாளிகை எழுப்பிக்கொண்டது. ஹியூஸ்டனின் ரைஸ் 1912-இல் திறந்த நாளிலிருந்தே இவற்றை அனுமதிக்கவில்லை. 1957-இல் எல்லா மாணவரையும் உறைவிடக் கல்லூரிகள் எனப்படும் இல்லங்களாகப் பிரித்து, அந்த இல்லமே அவர்களின் அடையாளமாகும்படி செய்தது. நோட்டர் டேம் போன்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் அந்த வேலையை விடுதி செய்கிறது. ஒவ்வொரு விடுதிக்கும் தனிச் சிற்றாலயம், தனி விளையாட்டு அணி, தனி மரபுகள். பெரும்பாலான மாணவர்கள் ஒரே விடுதியில் ஆண்டுக்கணக்காகத் தங்குவதால், வேறொரு சகோதரத்துவத்தைத் தேட வேண்டிய அவசியமே குறைவு. இந்த மாற்று ஏற்பாடு நன்றாக நடக்கும் இடங்களில், வீடில்லையே என்ற ஏக்கத்தைப் பொதுவாகக் காண முடிவதில்லை.

மாணவிகளே முன்னின்று ஒழித்த வரலாறும் உண்டு. நியூயார்க்கின் பார்னார்ட் மகளிர் கல்லூரியில்தான் ஆல்ஃபா ஓமிக்ரான் பை என்ற சொராரிட்டி 1897-இல் பிறந்தது. இருபது ஆண்டுகள் ஆவதற்குள், இவை சிலரை உயர்த்திப் பலரைத் தள்ளுகின்றன என்று மாணவிகளே கிளப்பிய எதிர்ப்பால் அங்கே சொராரிட்டிகள் ஒழிந்தன. பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோரில், யூதப் பெண்களைச் சேர்க்க மறுத்ததை முன்னிட்டு மாணவிகள் போராடி 1933-இல் சொராரிட்டிகளை வாக்கெடுப்பில் அகற்றினார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னணியில் இருந்த மாலி யார்டு பின்னாளில் அமெரிக்காவின் பெரிய மகளிர் அமைப்பான நவ்-வின் தலைவரானார். அதே கல்லூரியில் எஞ்சியிருந்த இரு ஃபிரடர்னிட்டிகள், பாலியல் வன்முறையைக் கேலிப் பொருளாக்கிய அவர்களின் பழைய ஆவணங்கள் வெளியாகி மாணவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தியதும், 2019-இல் தாமாகவே கலைந்தன.

கறுப்பினத்தவரின் சங்கங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களிடம் வீடு இல்லாததன் காரணமே வேறு. வெள்ளையரின் சங்கங்களில் பல, வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்று விதியிலேயே எழுதி வைத்திருந்த காலத்தில், கார்னெலில் 1906-இல் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவும், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908-இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியும் தோன்றின. பின்னதன் பெயர் நம்மவர்களுக்குப் பழக்கமானதுதான். துளசேந்திரபுரத்துக் கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படித்தபோது சேர்ந்தது அதில்தான். வீடு வாங்க முன்னாள் உறுப்பினர்களின் செல்வமும் வங்கிக் கடனும் வேண்டும். இரண்டிலும் கறுப்பினத்தவர் பல தலைமுறைகளாகப் புறந்தள்ளப்பட்டிருந்தார்கள். பல வளாகங்களில் வீட்டுக்குப் பதிலாக அவர்களுக்கு இருப்பது “பிளாட்” எனப்படும் ஒரு துண்டு இடம்: சங்கத்தின் நிறத்தில் சாயமடித்த பெஞ்சு ஒன்று, கிரேக்க எழுத்து பொறித்த ஒரு கல், நிறுவிய ஆண்டு, சில இடங்களில் ஒரு மரம். கூடுவதும், தாளக்கட்டோடு அடவு வைத்து ஆடுவதும், பழைய உறுப்பினர்கள் வந்து படமெடுத்துக்கொள்வதும் அங்கேதான். அடுத்தவருடைய பிளாட்டில் கால் வைப்பதை அவர்கள் மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். 1990-களின் இறுதியில் தோன்றிய தெற்காசிய மாணவர் சங்கங்களுக்கும் பெரும்பாலும் வீடு கிடையாது. பழைய பணம் இல்லாமல் புதிதாக வந்தவர்களின் நிலை எங்கும் இதுதான்.

பணம் என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லி முடிக்கிறேன். வீட்டை மாணவர்கள் சொந்தமாக வைத்திருப்பதில்லை; முன்னாள் உறுப்பினர்கள் நடத்தும் ஒரு வீட்டுக் கழகமோ, தேசியத் தலைமையகமோ, சில இடங்களில் கல்லூரியோ வைத்திருக்கும். தீயணைப்பு நீர்த்தெளிப்பான், சமையலறை, உடன் தங்கும் மேற்பார்வையாளர், எல்லாவற்றுக்கும் மேலாகக் காப்பீடு என்று செலவு நீண்டுகொண்டே போகும். அந்தச் செலவைத் தாங்க ஆண்டுதோறும் கட்டில்கள் நிரம்பியாக வேண்டும். மாணவர்கள் வீட்டிலிருந்து பேருந்தில் வந்து போகும் நகர்ப்புறக் கல்லூரியிலும் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியிலும் அது நடக்காது. மன்ஹாட்டன் விலையில் கட்டடம் வாங்குவதும் நடக்காது.

மகளுக்காகக் கல்லூரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. எத்தனை ஆண்டுகள் கல்லூரி விடுதியில் கட்டாயம் தங்க வேண்டும், சொராரிட்டிகளுக்கு விடுதியிலேயே ஒரு தளமோ கூடமோ ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வேறு கல்லூரியைப் பரிசீலித்து அங்கே வீடு இருந்தால், உறுப்பினர் ஓராண்டாவது அதில் தங்கியே ஆக வேண்டுமா, தங்காதவரிடமும் வீட்டுப் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறார்களா என்பதையும் கேளுங்கள். கல்லூரி அங்கீகரிக்காத சங்கம் ஊருக்குள் வாடகை வீடு எடுத்து நடத்தும் இடங்களும் உண்டு. அதைத் தனியாக விசாரிக்க வேண்டும். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, ரேகிங் குற்றம் உறுதியான அமைப்புகளின் பெயர்களைக் கல்லூரிகள் அறிக்கையாக வெளியிட்டாக வேண்டும். ஆனால் அந்த அறிக்கையில் வருபவை கல்லூரி நிறுவிய அல்லது அங்கீகரித்த அமைப்புகள்தாம். அங்கீகாரமில்லாத வாடகை வீட்டைப் பற்றி அதில் தேடினால் கிடைக்காது, அங்கே படிக்கும் மூத்த மாணவிகளிடம்தான் கேட்க வேண்டும்.